வெள்ளிக்கிழமை இறைச்சி

ஸ்ரனிஸ்லாஸுக்குப் பொய் சொல்ல வராது என்று டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே இருந்த அகதி விடுதியில் எல்லோருக்கும் தெரியும். கையில் நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். அதனாலேயே அவரோடு சீட்டு விளையாட எப்போதும் ஆள் இருந்தது. மன்னார் பேசாலையில் கடற்தொழில் செய்தவர். இங்கே ஓர் உணவகத்தின் பின்கட்டில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். நாற்பது வயது. அகதி விண்ணப்பம் போட்டு நான்கு வருடமாகியும் முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை, அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஒரு தடவை பிடிபட்டவர்களுக்கு எச்சரிக்கை, மறு தடவை வழக்கு.

1994 ஆகஸ்டில் அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. வெள்ளி முதல் ஞாயிறு வரை. போகும் இடம் கேவலார். காரணம், தமிழர் ஒன்றுகூடும் மாதா திருவிழா. காரியாலயத்துப் பெண்மணி முத்திரையைக் குத்திவிட்டு, "எனக்காகவும் செபியுங்கள்" என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் வெள்ளிக்கிழமை காலையில் காருக்குள் அவருக்கு முதலில் நெஞ்சு உறுத்தியது. ஏனென்றால் கார் கேவலாருக்குப் போகவில்லை.

கார் ஜேசுரட்ணத்தினுடையது. பாசையூர்க்காரர், பத்து வருடத்துக்கு முன்பே வந்து, வதிவிட உரிமை எடுத்து, தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருப்பவர். பக்கத்தில் மனைவி கொறற்றி. பின்னால் பத்து வயது மகள் டெல்சி, அவளுக்குப் பக்கத்தில் ஸ்ரனிஸ்லாஸ்.

"போற வழிதான்ரா," என்றார் ஜேசுரட்ணம். "கொஞ்சம் சரிச்சுப் போறம், அவ்வளவுதான். இண்டைக்கு ஓநாயைப் பாத்திட்டுக் காட்டுக்கை கூடாரம் அடிப்பம். நாளைக்கு விடிய வெளிக்கிட்டா பத்து மணிப் பூசைக்கு மாதாவிட்டை."

"எவ்வளவு சரிச்சு, அண்ணை?"

"உனக்கென்ன, நீயே கார் ஓடுறாய்?"

"நூறு கிலோமீற்றர், தம்பி," என்றாள் கொறற்றி. "இவளின்ரை ரீச்சர் ஓநாய்க்கதை சொன்ன நாள் தொடக்கம் தகப்பனும் மேளும் ஊளையிட்டுப் பழகினம். பக்கத்து வீட்டுக் கிழவி மணியடிச்சுக் கேட்டிட்டுப் போகுது, நாய் வேண்டினீங்களோ எண்டு."

ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தார். கடிதத்தைச் சட்டைப் பையில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காரின் பின்பெட்டியில் அவருடைய பங்காக ஒரு பெரிய சட்டி இருந்தது. துருக்கிக்காரரின் கடையில் எலும்போடு வெட்டி வாங்கிய இரண்டு கிலோ ஆட்டிறைச்சி. வியாழன் மாலை விடுதிச் சமையலறையில் அவரே பிரட்டலாகக் காய்ச்சியது. அது சனிக்கிழமைக்கான இறைச்சி. கேவலாரில் பூசை முடிந்ததும் மர நிழல்களில் விரிப்பைப் போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுவார்கள். அங்கே வெறுங்கையோடு போய் மற்றவர்களின் சட்டிக்குள் கைவைக்க அவருக்கு மனம் வராது. வெள்ளிக்கிழமை அதைத் தொடுகிற பேச்சே இல்லை. கொறற்றி வெள்ளியில் இறைச்சி சமைக்கிற பெண் அல்ல. திருவிழாவுக்கு முந்தின நாளில் கேட்கவே வேண்டாம்.

ஐஃபல் மலைக்காட்டின் நடுவில் இருந்தது அந்த ஓநாய்க் காப்பகம். அதற்குக் கீழே ஓர் ஓடை, ஓடைக்கரையில் கூடாரம் அடிக்கிற இடம். இறங்கியதும் கொறற்றி முதலில் சொன்னது இதுதான்:

"தம்பி, சட்டியை இறுக்கி மூடி ஓடைத் தண்ணிக்கை வைச்சிடும். இந்த வெயிலுக்குப் பின்பெட்டியிலை கிடந்தால் பழுதாப்போம்."

"ஓம் அக்கா."

டெல்சி அதற்குள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இலங்கையில் ஓநாய் கிடையாது. ஸ்ரனிஸ்லாஸ் அந்தச் சொல்லைக் கோவிலில் மட்டுமே கேட்டிருக்கிறார், ஆடுகளோடு சேர்த்து. கம்பிவலைக்கு அப்பால் ஏழு ஓநாய்கள் நின்றன. அவர் நினைத்ததைவிடக் கால் நீளம், உடம்பு ஒடுக்கம். அவற்றைப் பராமரிக்கிறவர் அல்பேர்ட், ஐம்பது வயதிருக்கும், முன்பு வனத்துறையில் இருந்தவர். ஹில்டா என்ற பெண் ஓநாயைக் காட்டி அவர் சொன்னதை டெல்சி தமிழாக்கினாள்.

"இது குட்டியா இருக்கேக்கை தாய் செத்துப்போச்சாம். இவர்தான் போத்திலிலை பால் குடுத்தவராம். இவரின்ரை குசினியிலை, அடுப்புக்குப் பக்கத்திலைதான் படுக்கிறதாம்."

அல்பேர்ட் ஒரு கன்றின் தோளை எலும்போடு தூக்கி எறிந்தார். ஹில்டா அதைப் பிடித்து முறுக்குக் கடிப்பதுபோல நொறுக்கியது. ஸ்ரனிஸ்லாஸ் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, இதிலை எழுதியிருக்கு, சாப்பாடு போடக்கூடாதாம்," என்று டெல்சி ஒரு பலகையைக் காட்டினாள்.

"ஆர் போடப் போயினம், பிள்ளை?"

அவை கலைந்து மரங்களுக்குள் போகும்வரை அவர் நகரவில்லை. சட்டியின் ஞாபகம் வந்தபோது மாலை ஆறு மணி. பின்பெட்டியைத் திறந்தார். மூடி கை சுட்டது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள். மிளகாய்த்தூளின் மணத்துக்கு அடியில் புளிச்ச வாடை.

"சட்டி ஓடைக்கைதானே, தம்பி?" பருப்பும் பாணும் கருவாட்டுப் பொரியலும் எடுத்து வைத்துக்கொண்டே கொறற்றி கேட்டாள்.

"ஓமக்கா. வைச்சிட்டன்."

கூடாரத்தின் மங்கலில் காது சிவந்தது அவளுக்குத் தெரியவில்லை. இருட்டியதும் மேலே ஊளைச் சத்தம் கேட்டது. தகப்பனும் மகளும் பதிலுக்கு ஊளையிட்டார்கள். பக்கத்துக் கூடாரத்தில் பியரும் தொத்திறைச்சியுமாக இருந்த இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் கைதட்டினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் இரண்டு கிலோ இறைச்சியை நினைத்துக்கொண்டு படுத்தார்.

விடிந்ததும் அதை என்ன செய்வது? புதைத்திருக்கலாம். புதைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவருடைய வேலை அப்படியானது. நாள் முழுக்க, பாதி தின்ற இறைச்சியைக் கோப்பையிலிருந்து வாளிக்குள் வழிக்கிற வேலை. ஒவ்வொரு கோப்பைக்கும் மனம் ஒரு தடவை சுருங்கும். தன் கையால் காய்ச்சியதையும் மண்ணுக்குள் போட அவரால் முடியவில்லை. பேசாலையில் கறி எலும்பு எல்லாம் நாய்க்குத்தான். நாய்கள் தின்றுவிட்டு வாலாட்டும். நேற்று அந்த ஹில்டா கன்றின் தோளையே நொறுக்கியதே. பலகையில் இருந்தது பாண், இனிப்பு போடுகிற பிள்ளைகளுக்கான எழுத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐந்து மணிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வலையோரம் போனார்.

ஹில்டா மட்டும் வந்தது. ஆள் கையில் வளர்ந்ததல்லவா. வலைக்கண்ணால் அவர் ஒவ்வொரு துண்டாகத் தள்ளத் தள்ள, மெல்லாமல் விழுங்கியது. காய்ச்சின எலும்பு பச்சை எலும்பைப்போல உதிராது, ஈட்டியாகப் பிளக்கும் என்பது கோப்பை கழுவுகிறவருக்கும் கடற்தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சட்டி காலியானபோது அவருக்கு ஓர் ஆறுதல்கூட வந்தது. ஓடையில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

ஏழு மணிக்குப் பொருட்களை ஏற்றும்போது கொறற்றி சட்டியைப் பார்த்தாள்.

"எங்கை இறைச்சி?"

"பழுதாப்போச்சக்கா. மண்ணுக்கை தாட்டிட்டன்."

"ஓடைக்கை வைச்ச இறைச்சி பழுதாப்போச்சோ?" அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சட்டியை வாங்கிப் பின்பெட்டியில் சத்தமாக வைத்தாள்.

பாதை காப்பகத்தின் வாசலைக் கடந்துதான் போகிறது. அங்கே ஆட்கள் நின்றார்கள். ஜேசுரட்ணம் காரை மெதுவாக்கினார். ஹில்டாவை வெளியே கொண்டுவந்து புல்லில் கிடத்தியிருந்தார்கள். கழுத்தை நீட்டி நீட்டி ஓங்காளித்தது. வாயில் நுரை தள்ளியது. அல்பேர்ட் முழங்காலில் இருந்தார். பக்கத்துக் கூடாரத்து இளைஞர்கள் இருவரையும் பார்த்து அவர் கத்த, அவர்கள் கையை விரித்து மறுத்துக் கத்தினார்கள்.

டெல்சி கண்ணாடியை இறக்கிக் கேட்டாள். "இவங்கள் நஞ்சு போட்டிட்டாங்களாம். பொலிஸுக்கு அடிச்சிருக்காம். டொக்டர் தூரத்திலை இருந்து வரவேணுமாம். உப்புத் தண்ணி பருக்கிச் சத்தியெடுக்க வைக்கப் போறாராம்."

ஸ்ரனிஸ்லாஸ் முன்னால் சாய்ந்து பார்த்தார். தொண்டையில் மீன்முள் தைத்தவனைப் பேசாலையில் யாரும் வாந்தியெடுக்க விடமாட்டார்கள். வாழைப்பழத்தை விழுங்கக் கொடுப்பார்கள். வெளியே இழுத்தால் கிழிக்கும். ஒரு பெண் தண்ணீர் வாளியோடு ஓடிவருவதைக் கண்டார். கார்க்கதவின் பிடியில் கை வைத்தார்.

"அண்ணை," என்றார். "அது நஞ்சில்லை. என்ரை இறைச்சி. எலும்பு."

ஜேசுரட்ணம் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார்.

"விசரனே! பொலிஸ் வருது. உன்ரை கடிதத்திலை என்ன இடம் எழுதியிருக்கு? கேவலார். இது என்ன இடம்? அடுத்த மாதம் உனக்கு விசாரணை. இதிலை பேர் எழுதுப்பட்டா முடிஞ்சுது. பேசாமல் இரு."

"அவர் உப்புத் தண்ணி குடுக்கப் போறார், அண்ணை."

"மிருகம்தானே. டொக்டர் வருவார்."

கார் நகர்ந்தது. கதவின் பிடியில் இருந்த கையை ஸ்ரனிஸ்லாஸ் எடுத்து மடியில் வைத்தார். இறங்கியிருக்கலாம். கார் நடை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு எத்தனையோ தடவை அதை எண்ணிப் பார்த்தார்: கதவைத் திறந்து காலை வைத்திருந்தால் விழுந்துகூட இருக்கமாட்டார்.

இருபது நிமிடம் ஓடினார்கள். டெல்சி அழத் தொடங்கினாள். அவர் ஜன்னலால் வெளியே பார்த்தார். நெடுஞ்சாலைக்கு ஏறுகிற வளைவு வந்தபோது கொறற்றி சொன்னாள்:

"திருப்புங்கோ."

"என்ன?"

"காரைத் திருப்புங்கோ எண்டு சொன்னன். ரெண்டு பொடியள் செய்யாததுக்குப் பொலிஸிலை நிக்கிறாங்கள். ஒரு சீவன் துடிக்குது. நீங்கள் ரெண்டு பேரும் மாதாவிட்டைப் போய் எந்த மூஞ்சையோடை நிக்கப் போறியள்? திருப்புங்கோ!"

திரும்பிப் போனபோது மிருக வைத்தியர் அப்போதுதான் காரை நிறுத்திக்கொண்டிருந்தார். அல்பேர்ட்டின் கையில் மூன்றாவது போத்தல் உப்புத் தண்ணீர். ஸ்ரனிஸ்லாஸ் ஓடிப்போய் அந்தப் போத்தலைப் பிடித்தார். அவருடைய ஜெர்மன் சமையலறை ஜெர்மன். "இல்லை. நிறுத்து. எலும்பு. ஆடு, சமைத்தது. நான்," என்று நெஞ்சில் கையை வைத்தார். வைத்தியர் புரிந்துகொண்டார். ஹில்டாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

அல்பேர்ட் எழுந்து, "எப்போது?" என்று கத்தினார்.

ஜேசுரட்ணம் நடுவில் வந்தார். அவருடைய ஜெர்மன் நல்ல ஜெர்மன். ஊரில் நாய்க்கு இப்படித்தான் கொடுப்பார்கள், இவருக்குத் தெரியாது, நாங்கள் காலையிலேயே புறப்பட்டுவிட்டோம், வழியில் இவர் தற்செயலாகச் சொன்னார், என் மகள் வாசலில் கேட்டதை அப்போதுதான் இவருக்குச் சொன்னாள், கேட்ட உடனேயே காரைத் திருப்பச் சொன்னவர் இவர்தான்.

ஸ்ரனிஸ்லாஸுக்கு அதில் பாதிக்கு மேல் விளங்கியது. வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் செய்தி வந்தது. சத்திர சிகிச்சை முடிந்தது, ஹில்டா பிழைத்துக்கொள்ளும். அல்பேர்ட் வாசலுக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால் ஸ்ரனிஸ்லாஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "முட்டாள்தனமான வேலை செய்தீர்கள். ஆனால் திரும்பி வந்தீர்கள். எத்தனை பேர் வருவார்கள்?" அவருடைய கண் கலங்கியிருந்தது. விடுபட்ட இளைஞர்களில் ஒருவன்கூட வந்து தோளில் தட்டினான். கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்த பொலிஸ்காரர் அல்பேர்ட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கேவலார் வடக்குப் பக்கம்," என்றார்.

அவர்கள் கேவலாருக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. மரங்களுக்கு அடியில் கோழிக்கால் எலும்புகளை ஒரு பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் மெழுகுதிரி வாங்கினார், ஏற்றவில்லை. கையிலேயே வைத்திருந்து காருக்குள் போட்டார்.

அந்த வருட நத்தாருக்கு விடுதி முகவரிக்கு ஓர் அட்டை வந்தது. பனியில் நிற்கிற ஹில்டாவின் படம். பின்னால் அல்பேர்ட்டின் கையெழுத்தில்: "திரும்பி வந்த மனிதருக்கு." அறைத்தோழர் வாசுதேவன், இந்தியாவிலிருந்து வந்த தமிழர், அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

"சார், யூ ஆர் ஃபேமஸ். ஓநாயே உங்களுக்குக் கிறிஸ்மஸ் கார்டு போடுது!"

"கழட்டும் அதை."

"ஏன் சார்? ஹீரோ மாதிரி எழுதியிருக்கான்."

"கழட்டும் எண்டு சொன்னனெல்லே!"

அவர் கோபப்பட்டு வாசுதேவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு வருடமும் அட்டை வந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு அட்டையில் நான்கு வரி கூடுதலாக இருந்தது. சத்தியெடுத்தபோது எலும்பு ஏறிக் கிழித்த இடத்தில் தழும்பு இறுகி, ஹில்டாவின் தொண்டைக்குழாய் ஒடுங்கிவிட்டதாம். துண்டாக எதையும் விழுங்க முடியாதாம். "நாளுக்கு மூன்று தடவை இறைச்சியைக் கொத்தி என் கையால் ஊட்டுகிறேன். குட்டியாக இருந்தபோது செய்ததுபோல. எங்கள் இருவருக்கும் வயதாகிறது." அட்டை மகிழ்ச்சியாகவே எழுதப்பட்டிருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அதை வாசிக்க இரவல் அகராதி ஒன்றை வாங்கினார். வாசித்த பிறகு நாள்கணக்கில், கோப்பை வழிக்கும்போதெல்லாம் கணக்குப் போட்டார். விழுங்கியதனால் கிழியவில்லை. சத்தியெடுத்ததனால் கிழிந்தது. முதல் போத்தலும் இரண்டாம் போத்தலும், கார் போய்த் திரும்பிய அந்த நாற்பது நிமிடத்துக்குள் நடந்தவை.

அடுத்த திருவிழாவில், கேவலாரில் தமிழ்க் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். கடிதத்தில் இல்லாத இடத்துக்குப் போனதைச் சொன்னார். சட்டியைப் பற்றிச் சொன்னார். குரு பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நாற்பது நிமிடத்தை அவர் சொல்லவில்லை. அது குருவுக்குச் சொல்ல வேண்டியதல்ல என்று பட்டது. அப்படிப் பட்டதும் தப்பித்துக்கொள்ள ஒரு சாட்டோ என்று பிறகு யோசித்தார்.

தொண்ணூற்றெட்டு வசந்தத்தில் அவருக்கு வதிவிட உரிமை கிடைத்தது. இனி எல்லை தாண்டக் கடிதம் தேவையில்லை. ஜேசுரட்ணம் வீட்டில் விருந்து வைத்தார்.

"முதல்லை எங்கையடா போகப் போறாய்? பாரிஸுக்கோ?"

"ஓநாய்க்காட்டுக்கு, அண்ணை."

ஜேசுரட்ணம் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னத்துக்கு? முடிஞ்ச கதை. அந்தாள் உன்னைச் சாமி மாதிரி நினைச்சுக்கொண்டிருக்குது. அதைக் கெடுத்து ஆருக்கு என்ன லாபம்?"

கொறற்றி ஸ்ரனிஸ்லாஸின் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டாள்.

கடையில் ஒற்றை ஆள் கூடாரம் ஒன்று வாங்கினார். ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போய், கடைசி ஐந்து கிலோமீற்றரை நடந்தார். நடக்கும்போது ஜெர்மன் வசனங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஓடைக்கரையில் கூடாரத்தை அடித்துவிட்டு மேலே ஏறினார்.

அல்பேர்ட் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிட்டார். மெலிந்திருந்தார். "ஸ்ரனிஸ்லாஸ்!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கைக்குள் போவதற்கு முன் சொல்ல வேண்டும். ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் ஓர் அடி வைத்தார்.

"நான் சொல்ல வந்தேன். அந்தக் காலை நான் தெரியாமல் போகவில்லை. இங்கே, காரில் இருந்தேன். ஹில்டாவைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் வருவதைப் பார்த்தேன். எலும்பு என்று எனக்குத் தெரியும். சத்தியெடுத்தால் கிழிக்கும் என்றும் தெரியும். எனக்கு என் கடிதம் பயம். பேசாமல் போனேன். காரைத் திருப்பச் சொன்னது நான் இல்லை. கொறற்றி அக்கா சொன்னார்."

அல்பேர்ட்டின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிடம்."

அல்பேர்ட் வலைக்கு அப்பால் பார்த்தார். உதடு அசைந்தது, அவரும் போத்தல்களை எண்ணுகிறார் என்று ஸ்ரனிஸ்லாஸுக்கு விளங்கியது.

"நான்தான் பருக்கினேன்," என்றார் அல்பேர்ட். "என் கையால். நான்கு வருடமாக, வேறு வழி இருக்கவில்லை என்று நினைத்திருந்தேன்."

"இறைச்சி நான் வெட்டித் தரட்டா? எனக்குச் சமையலறை வேலை. இருக்கிற நாள்களுக்கு..."

"வேண்டாம்."

அவர் திரும்பி வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் ஓடைக்கரைக்கு இறங்கினார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கூடாரத்தைக் கழற்றவில்லை.

காலையில் மறுபடி மேலே ஏறிப்போய் வாசலில் நின்றார். அல்பேர்ட் வாளியோடு வந்தார். காலை வணக்கம் சொல்லவில்லை; போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நிலத்தில் குந்தினார். மரங்களுக்குள்ளிருந்து ஹில்டா வந்தது. முகம் நரைத்திருந்தது. பாதி வழியில் நின்று மூக்கைத் தூக்கி, வலைக்கு வெளியே நின்றவரைப் பார்த்தது. அதற்குமேல் வரவில்லை.

"தள்ளி நில்லுங்கள்," என்றார் அல்பேர்ட், திரும்பிப் பாராமல். "புது ஆள் நின்றால் சாப்பிடாது."

ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் போனார்.

"இன்னும்."

பாதையைத் தாண்டி, மரங்களுக்கு நடுவில் போய் நின்றார். அங்கிருந்து ஹில்டா தெரியவில்லை. அல்பேர்ட்டின் முதுகும், வாளிக்கும் முன்பக்கத்துக்குமாகப் போய்வந்த அவருடைய வலது முழங்கையும் மட்டும் தெரிந்தன. வாளி காலியாகும்வரை ஸ்ரனிஸ்லாஸ் அங்கேயே நின்றார்.